சுவான்சௌ நகரின் கற்பள்ளிவாசல்

சீன நாட்டின் பழைய பள்ளிவாசல்கள் பலவும் வளைந்த ஓட்டுக்கூரையும் மரத்தூண்களும் கொண்டு, புறத்தோற்றத்தில் அந்நாட்டுக் கோயில்களையே ஒத்திருப்பன. சீஆன் நகரின் பெரிய பள்ளிவாசல் இதற்குத் தக்க சான்றாகும். ஆயின், பூஜியன் மாகாணத்துச் சுவான்சௌ நகரிலுள்ள சிறிய பள்ளிவாசல் இம்மரபினின்றும் வேறுபட்டது. கல்லால் எழுப்பப்பட்ட இது, மேற்காசியக் கட்டடக்கலையின் சாயலைச் சீன மண்ணில் இன்றும் தாங்கி நிற்கின்றது.

அராபியரும் பாரசீகரும் சைத்தூன் என அழைத்த இத்துறைமுகம், சொங், யுவான் வம்சங்களின் காலத்தில் கடல்வாணிபத்தால் உயர்ந்து விளங்கியது. பல நாட்டு வணிகர் இங்குத் தங்கினர். 1281 இல் பொறிக்கப்பட்ட தமிழ்க் கல்வெட்டொன்றும் இந்நகரிற் கிடைத்துள்ளமையால், தமிழ் வணிகரும் அவர்களுள் இருந்தனர் என அறிகின்றோம்.

பள்ளிவாசலின் நுழைவாயில் தெற்கு நோக்கியது. ஒன்றன்பின் ஒன்றாக அமைந்த கூர்முனை வளைவுகள் வருவோரை உள்ளே இட்டுச் செல்கின்றன. மேலே, பிறை பார்ப்பதற்கான மேடை உள்ளது. வாயிலின் மேற்கே தொழுகை மண்டபத்தின் கற்சுவர்களும், பெருஞ் சாளரங்களும், தூண்களின் அடிக்கற்களும் மட்டுமே எஞ்சியுள்ளன. 1607 இல் நேர்ந்த நிலநடுக்கத்தால் அதன் கூரை வீழ்ந்ததென்பர். மக்காவின் திசையைக் காட்டும் மாடம் இன்று திறந்த வானின் கீழே நிற்கின்றது.

இதன் காலம் பற்றிய சான்றுகளே ஆய்வுக்குரியன. வாயிற்சுவரிலுள்ள அரபுக் கல்வெட்டு, ஹிஜ்ரி 400 இல், அஃதாவது கி.பி. 1009-10 இல், பள்ளிவாசல் நிறுவப்பட்டதென்றும், ஹிஜ்ரி 710 இல் சீராஸ் நகரத்து அகமது என்பார் அதனைப் புதுப்பித்தாரென்றும் கூறுகின்றது. இங்குள்ள சீனக் கல்வெட்டோ, 1131 இல் சிராப் துறைமுகத்திலிருந்து வந்த வணிகரொருவர் நகரின் தென்பகுதியிற் பள்ளிவாசல் கட்டியதாகக் கூறும். 1350 இல் எழுதப்பட்ட இவ்வாசகம் 1507 இல் மீளப் பொறிக்கப்பட்டது. ஒரே கட்டடத்துக்கு இரு தோற்றங்கள் எவ்வாறு பொருந்தும்?

சீன வாசகம் அழிந்துபோன வேறொரு பள்ளிவாசலுக்குரியதென்றும், அக்கல் பின்னர் இங்குக் கொணரப்பட்டதென்றும் ஆய்வாளர் பலர் கருதுவர். தூய்மை எனப் பொருள்படும் சிங்ஜிங் என்னும் பெயரும் அக்கல்லோடு வந்ததாகலாம். சுவரோடு ஒன்றிய கல்வெட்டுக்கும் பெயர்த்து நிறுத்தத்தக்க கற்பலகைக்கும் சான்று மதிப்பில் வேறுபாடுண்டு என்பதை வரலாறு பயில்வோர் இங்கே தெளிவாகக் காணலாம்.

1357 முதல் 1366 வரை நிகழ்ந்த கலகத்தாற் பிறநாட்டு முஸ்லிம்கள் பெரிதும் பாதிப்புற்றனர், துறைமுகமும் நலிந்தது. எனினும், மிங் பேரரசர் யொங்லெ 1407 இல் முஸ்லிம்களை எவரும் துன்புறுத்தலாகாதென விடுத்த ஆணை, கல்லிற் பொறிக்கப்பட்டு இப்பள்ளிவாசலிலேயே உள்ளது. இரண்டாண்டுகளின் பின், அதே பேரரசரின் பெயரால், முஸ்லிம் குடியிற் பிறந்த கடற்படைத் தலைவர் செங் ஹே வழியாக அமைந்ததே, சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மும்மொழிகளிலமைந்த நமது காலிக் கல்வெட்டு. அது புத்தரையும், தெய்வேந்திரமுனைத் திருமாலையும், அல்லாஹ்வையும் தனித்தனியே போற்றுகின்றது.

2021 இல் சுவான்சௌ உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்க்கப்பட்டபோது இப்பள்ளிவாசலும் அதில் இடம்பெற்றது. பல மொழியினரும் சமயத்தினரும் ஒரு துறைமுகத்தில் அருகருகே வாழ்ந்தனர் என்பதற்கும், அவ்வாழ்வு ஆட்சியாளர் அளித்த பாதுகாப்பையே பெரிதும் சார்ந்திருந்தது என்பதற்கும் இக்கற்கள் ஒருங்கே சான்று பகர்கின்றன.