கை வந்த கதை

ஒருவன் தன் தொழிலில் தேறிவிட்டான் என்றால், ஆழ்வார்குறிச்சியில், "அவனுக்குக் கை வந்துவிட்டது" என்று சொல்லுவார்கள். எனக்குச் சிறு வயதிலிருந்தே இந்தப் பேச்சில் ஒரு சந்தேகம் உண்டு. கை எங்கிருந்து வருகிறது? பிறந்த நாள் முதல் அது தோளில்தானே தொங்கிக்கொண்டிருக்கிறது!

எங்கள் தாமிரவருணிக் கரையில் கை வந்தவர்களுக்குக் குறைவில்லை. கல்லிடைக்குறிச்சியில் அப்பளம் இடும் பெண்கள் பேச்சுக்குப் பேச்சு பேசிக்கொண்டே உளுந்து மாவை வட்டமாகத் தேய்த்துத் தள்ளுவார்கள். பார்வை குழவியின் மேல் இராது. பத்தமடையில் கோரையை நீரில் ஊறவைத்து, நூல் போலக் கிழித்து, பட்டுத் துணி போன்ற பாய் நெய்கிறார்கள். காருகுறிச்சி அருணாசலத்தின் விரல்கள் நாகஸ்வரத்தின் துளைகளின் மேல் ஓடியதைக் கேட்டவர்கள் மறக்கமாட்டார்கள். 1964-ல் அவர் காலமானார். அந்த விரல்களுக்குத் தெரிந்திருந்ததை எழுதி வைக்க எந்த ஏட்டாலும் முடியவில்லை.

விரலுக்கு ஞாபகம் இருக்கிறது என்று நாம் சொல்வது உபசாரப் பேச்சு. ஞாபகம் இருக்கும் இடம் மண்டைக்குள். அந்த இடத்தை மனிதன் தேடிக் கண்டுபிடித்த சரித்திரத்தைப் படித்தபோது, ஒரு நாவலுக்கு வேண்டிய கருணையும் கொடுமையும் அதில் இருப்பதைக் கண்டேன்.

தொடக்கம் மிகப் பழையது. முதல் நூற்றாண்டில் ஸ்கிரிபோனியஸ் லார்கஸ் என்ற ரோமாபுரி வைத்தியர், தீராத தலைவலிக்கு ஒரு மருந்து எழுதி வைத்தார். திருக்கை இனத்தில் தொட்டால் அதிர்ச்சி தரும் ஒரு மீன் உண்டு. அதை உயிரோடு தலையில் வைக்கவேண்டும் என்பதே அந்த மருந்து. மின்சாரம் என்ற பெயர் பிறப்பதற்கு முன்பே மனிதன் அதைத் தலையில் வைத்துக்கொண்டுவிட்டான். 1791-ல் இத்தாலியரான கால்வானி, செத்த தவளையின் கால் மின்சாரம் பட்டதும் துள்ளுவதை உலகுக்கு அறிவித்தார். காலை அசைப்பது மின்சாரம் என்றால், அதை ஏவுகிற எஜமானன் யார்?

1870-ல் பெர்லின் நகரில் பிரிட்ஷ், ஹிட்ஸிக் என்ற இரு டாக்டர்கள் விடை சொன்னார்கள். நாயின் மூளையில் ஓரிடத்தில் மெல்லிய மின்சாரத்தைத் தொட்டால் எதிர்ப்பக்கத்து முன்கால் அசைந்தது. சற்றுத் தள்ளித் தொட்டால் வேறோர் உறுப்பு அசைந்தது. மூளையின் மேற்பரப்பில் சரீரத்தின் வரைபடமே இருப்பது தெரிந்தது.

நாயோடு நின்றிருந்தால் தேவலை. 1874-ல் அமெரிக்காவின் சின்சினாட்டி நகரத்து ஆஸ்பத்திரிக்கு மேரி ராபர்ட்டி என்ற ஏழை வேலைக்காரி வந்து சேர்ந்தாள். தலையில் புற்றுநோய். மண்டையோடு அரித்து, மூளை வெளியே தெரிந்தது. டாக்டர் ராபர்ட்ஸ் பார்த்தலோ அந்தத் துவாரத்தின் வழியே ஊசிகளைச் செலுத்தி மின்சாரம் பாய்ச்சினார். ஒரு பக்கத்து மூளையைத் தொட, மறுபக்கத்துக் கையும் காலும் இழுத்துக்கொண்டன. நாயிடம் கண்டது மனிதரிடமும் உண்மையாயிற்று. டாக்டர் அத்தோடு விடவில்லை, மின்சாரத்தைக் கூட்டினார். அவள் அழுதாள், வலிப்பு வந்தது, நினைவு தப்பியது. சில நாட்களில் இறந்தும் போனாள். சக வைத்தியர்கள் பார்த்தலோவைக் கண்டித்தார்கள். ஆனாலும் அவர் கண்டது புத்தகத்தில் ஏறிவிட்டது. இன்று நாம் மூளையைப் பற்றித் தெரிந்துகொண்டு பெருமைப்படும் விஷயங்களுக்கு நடுவே அந்த வேலைக்காரியின் அழுகையும் இருக்கிறது.

மண்டையைத் திறக்காமல் மூளையைத் தொட முடியுமா? இந்தக் கேள்விக்கு விடை கிடைக்க நூறு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. 1980-ல் லண்டனில் மெர்ட்டன், மார்ட்டன் என்ற இருவர், உச்சந்தலைத் தோலின் மேலிருந்தே பலத்த மின்சாரம் கொடுத்துக் கையை அசைத்துக் காட்டினார்கள். ஆனால் வலி பொறுக்க முடியவில்லை. 1985-ல் ஷெபீல்டு நகரத்தில் அந்தோனி பார்க்கர் என்பவரும் அவருடைய தோழர்களும் காந்தத்தைக் கொண்டு வந்தார்கள். 1831-ல் பாரடே கண்டுபிடித்த தத்துவம்தான்: காந்த சக்தி சட்டென்று மாறினால் பக்கத்தில் மின்சாரம் பிறக்கும். செம்புக் கம்பிச் சுருளைத் தலைமேல் பிடித்துக் கண நேரம் மின்சாரத்தைப் பாய்ச்ச, காந்தம் எலும்பைத் தாண்டிப் போய் உள்ளே மின்சாரத்தை எழுப்பியது. 'டக்' என்று ஒரு சத்தம். தானாகவே விரல் துடித்தது. வலி இல்லை.

இந்தச் சுருளை வைத்து 1995-ல் பாஸ்குவல்-லியோனே என்ற டாக்டர் வெளியிட்ட ஆராய்ச்சி எனக்கு மிகவும் பிடித்தது. பியானோ அறியாதவர்களுக்கு ஐந்து விரல் பயிற்சி ஒன்றைக் கொடுத்து, தினம் 2 மணி நேரமாக 5 நாள் பழகச் சொன்னார். மூளையில் அந்த விரல்களை ஆளும் இடம் எவ்வளவு என்று நாள்தோறும் சுருளைக் கொண்டு அளந்தார். இடம் வளர்ந்துகொண்டே போயிற்று. இன்னொரு கூட்டத்தார் பியானோ முன் உட்கார்ந்தார்கள். விரலை அசைக்காமல் வாசிப்பதாக நினைக்க மட்டும் செய்தார்கள். அவர்களுக்கும் இடம் வளர்ந்தது! வாசிப்பில் மட்டும், நிஜமாகப் பழகியவர்களுக்குச் சற்றுப் பின்தங்கினார்கள். என் பழைய சந்தேகம் அன்றைக்குத் தீர்ந்தது. கை வருவது மூளைக்குள்ளே.

மனிதனுக்கு அடுத்தாற்போல் ஆசை வந்தது. அளக்கிற கருவி வளர்க்கவும் செய்யாதா? 2000-த்தில் ஜெர்மனியில் நிட்ஷே, பவுலஸ் இருவரும், தலையில் ஈரப் பஞ்சு வைத்து மிகச் சிறிய மின்சாரத்தைப் பாய்ச்சினாலும் மூளையின் போக்கு சற்று நேரம் மாறி நிற்பதைக் காட்டினார்கள். 1 மில்லி ஆம்பியர். டார்ச் விளக்கை எரிக்கக்கூடப் போதாது. அது கதவைத் திறப்பதில்லை, தாழ்ப்பாளைத் தளர்த்தி வைக்கிறது. 2009-ல் அமெரிக்காவில் சிலருக்கு விரலால் அழுத்திச் செய்யும் ஒரு சாமர்த்தியத்தைக் கற்றுக்கொடுத்தார்கள். பாதிப் பேருக்கு நிஜ மின்சாரம். மீதிப் பேருக்குப் பாசாங்கு. 5 நாளில் மின்சாரம் பெற்றவர்கள் முந்தினார்கள். விசேஷம் என்னவென்றால், லாபம் பயிற்சி நேரத்தில் அல்ல, ஒரு நாளைக்கும் மறுநாளைக்கும் இடையில் சேர்ந்தது. பிற்பாடு வந்த சோதனைகள் எல்லாம் ஒரே குரலில் பேசவில்லை. ஒருவருக்குப் பலித்தது இன்னொருவருக்குப் பலிக்கவில்லை. ஒன்று மட்டும் நிச்சயம்: பழகாமல் மின்சாரத்தை மட்டும் வாங்கிக்கொண்டவர் எவருக்கும் நாகஸ்வரம் வாசிக்க வராது.

இதற்கு நம் நாட்டிலேயே, மின்சாரம் இல்லாத ஒரு சாட்சி இருக்கிறது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு 1946-ல் வந்த டாக்டர் பால் பிராண்டு, குஷ்டரோகத்தால் விரல் மடங்கிப்போன கைகளுக்குச் சிகிச்சை செய்யத் துணிந்தார். பிழைத்திருக்கும் ஒரு தசையின் நாணை எடுத்துச் செத்துப்போன தசையின் வேலைக்கு இணைத்தார். மோதிர விரலை மடக்கிய நாண் இனிக் கட்டைவிரலை நகர்த்தவேண்டும். மாவுக்கட்டைப் பிரித்ததும் நோயாளி என்ன செய்வான்? கட்டைவிரலை அசை என்றால் அசையாது. மோதிர விரலை மடக்குவதாக நினைத்துக்கொள் என்றால் கட்டைவிரல் அசையும்! நாளடைவில் மூளை பழைய கணக்கை அழித்துப் புதுக் கணக்கு எழுதிக்கொள்ளும். பிச்சை எடுத்த கைகள் தச்சுவேலை செய்தன.

எங்கள் தெருவில் ஒரு தாத்தாவுக்குப் பாரிச வாயு வந்து வலது கை விழுந்துவிட்டது. வைத்தியர் கைவிட்ட பிறகு, ஆச்சி ஒரு தட்டில் புளியங்கொட்டைகளைப் பரப்பி, ஒவ்வொன்றாக எடுத்துச் செம்பில் போடச் சொல்லுவாள். அவர் எரிச்சலில் தட்டைத் தள்ளிவிடுவார். "இன்னும் நாலு கொட்டைதான் இருக்கு, எடுங்க" என்று பொறுக்கி மறுபடி வைப்பாள். ஒரு வருஷத்துக்குள் சட்டைப் பொத்தானைத் தாமே போட்டுக்கொண்டார். கையெழுத்து மட்டும் கடைசிவரை வரவில்லை.

அந்தக் கையெழுத்துக்காகவே இந்த ஆராய்ச்சி ஜயிக்கவேண்டும் என்று நினைக்கிறேன். ஆரோக்கியமான பிள்ளை பரீட்சைக்கு முன் தலையில் கம்பி மாட்டிக்கொள்வதற்காக அல்ல. பெங்களூர் நிம்ஹான்ஸில் மனநோயாளிகளுக்குக் காந்தச் சிகிச்சையும் மெல்லிய மின்சாரச் சிகிச்சையும் பயன்படுகின்றன. கை விழுந்தவர்களுக்கும் இவை உதவும் என்று உலகெங்கும் முயன்று வருகிறார்கள். முடிவு இன்னும் உறுதிப்படவில்லை. உறுதிப்படும் நாளிலும், கருவி தாழ்ப்பாளைத்தான் தளர்த்தும். தட்டில் புளியங்கொட்டை பரப்ப ஒருத்தி வேண்டியிருக்கும்.