முட்டைகோஸ் வெட்டினா தலை உருளும்! காதால் கேட்கும் பேய்க்கதைகள்

மைக் முன்னால் ஒரு முட்டைகோஸ். கத்தியால் ஒரே போடு. ரேடியோவில் அதுதான் தலை துண்டாகும் சத்தம். பன்றி விலா எலும்பை ஸ்பேனரால் முறித்தால், யாருக்கோ எலும்பு நொறுங்குகிறது. ஈரமான ரப்பர் கையுறையை உட்புறம் வெளியே வர உருவினால்... ஒரு மனிதனின் தோல் உள்ளேயும் குடல் வெளியேயுமாகத் திரும்புகிறது! 1930-களில் அமெரிக்காவின் 'லைட்ஸ் அவுட்' நிகழ்ச்சிக்காக ஸ்டூடியோவில் நடந்த சமையல் இது. அடுத்த தடவை பொரியலுக்குக் கோஸ் நறுக்கும்போது ஞாபகம் வந்தால் நாங்க பொறுப்பில்லை.

வில்லிஸ் கூப்பர் என்பவர் 1934-ல் சிகாகோவில் ஆரம்பித்தது 'லைட்ஸ் அவுட்'. ஒளிபரப்பு நேரம் நள்ளிரவு. 1936-ல் ஆர்ச் ஓப்லர் பொறுப்பேற்ற பிறகு வந்ததுதான் நீங்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டிய கதை. பெயர் 'சிக்கன் ஹார்ட்'. ஆமாங்க, கோழி இதயம்தான் வில்லன்.

ஆய்வுக்கூடத்தில் உயிரோடு வைத்திருந்த ஒரு கோழி இதயம் திடீரென்று வளர ஆரம்பிக்கிறது. அறையை நிறைக்கிறது, கட்டடத்தை உடைக்கிறது, ஊரையே விழுங்குகிறது. கடைசியில் ஒரு விஞ்ஞானியும் பைலட்டும் விமானத்தில் வானத்தைச் சுற்றுகிறார்கள். கீழே இறங்க இடமே இல்லை. எல்லாம் ஒரே இதயம். இன்ஜின் நின்றுபோகிறது.

இதைத் திரையில் காட்டினால் என்ன ஆகும்? பெரிய சைஸ் கறித்துண்டு உருண்டு வரும், தியேட்டரே சிரிக்கும். ரேடியோவில் அது வெறும் 'லப்-டப்'. அந்தச் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடும், அவ்வளவுதான். மிச்சத்தை நீங்களே உங்கள் மண்டைக்குள் வளர்த்துக்கொள்வீர்கள். கதையைக் கேட்டுச் சிரிக்கிற அதே நேரத்தில் உள்ளுக்குள் லேசாக வயிறு கலங்கும். இந்த வகைக் கதைகளின் சூட்சுமமே அந்த இடம்தான்.

இதில் நிஜமும் உண்டு. நோபல் பரிசு பெற்ற அலெக்சிஸ் கேரல், 1912-ல் கோழிக்கரு இதயத் திசுவை எடுத்து வளர்க்க ஆரம்பித்தார். அது சாகவே சாகாது என்று பேப்பர்கள் வருஷா வருஷம் எழுதித் தள்ளின. ஓப்லர் அந்தச் செய்தியை ஒரு படி மேலே தள்ளிவிட்டார், அவ்வளவே. இதைவிடப் பெரிய ட்விஸ்ட் பிறகு வந்தது. சாதாரண செல்கள் குறிப்பிட்ட தடவைதான் பிரியும், அப்புறம் நின்றுவிடும் என்று 1961-ல் லெனார்ட் ஹேஃப்ளிக் காட்டினார். அப்படியானால் கேரலின் இதயம் எப்படித் தாக்குப்பிடித்தது? ஊட்டத்துக்காக ஊற்றிய சத்துநீரோடு புது செல்களும் கலந்திருக்கலாம் என்பது பரவலான சந்தேகம்!

அடுத்து 1941 முதல் 1952 வரை ஓடிய 'இன்னர் சாங்டம்'. கிறீச்சிடும் கதவு, பிணத்தை வைத்து மொக்கை ஜோக் அடிக்கும் தொகுப்பாளர். லிப்டன் டீ ஸ்பான்சர் செய்த காலத்தில், கொலைக்கு நடுவே ஒரு அம்மணி வந்து சூடா ஒரு டீ குடிங்க என்று கனிவாகச் சொல்லிவிட்டுப் போவார். நகைச்சுவைக்கு அதற்குமேல் தனியாக எழுத வேண்டியதே இல்லை.

அந்த டீ அம்மணியின் தொனியை அப்படியே ஒரு ஊருக்குக் கொடுத்தால் 'வெல்கம் டு நைட் வேல்'. 2012 ஜூன் 15-ல் ஜோசப் ஃபிங்க், ஜெஃப்ரி க்ரேனர் இருவரும் தொடங்கிய பாட்காஸ்ட். பாலைவனத்து ஊர் ஒன்றின் உள்ளூர் ரேடியோ செய்திகள்தான் மொத்தக் கதையும். படிப்பவர் சிசில் பால்ட்வின், அசத்தலான குரல். நாய்ப் பூங்காவுக்குள் நாய்களுக்கும் அனுமதியில்லை, மனிதர்களுக்கும் அனுமதியில்லை. ஒளிரும் மேகம் ஒன்று செத்த விலங்குகளாகப் பொழிகிறது. பிறகு அதே மேகம் பள்ளி நிர்வாகக் குழுவில் உறுப்பினர் ஆகிறது. ரேடியோ நிலையத்தின் ஆண்கள் கழிப்பறையில் ஒரு பூனை அந்தரத்தில் மிதக்கிறது, அதற்குச் சோறும் வைக்கிறார்கள்.

கவனித்துக் கேளுங்கள். அந்த ஊரில் பயமுறுத்துவது மேகம் இல்லை. மக்கள் காணாமல்போவதை டிராஃபிக் நிலவரம் மாதிரி ஒரு குரல் நிதானமாக வாசிக்கிறதே, அதுதான். கேட்கும் நீங்களும் நாலாவது எபிசோடில் பழகிவிடுவீர்கள். அப்போது ஒரு கணம் ஏதோ உறுத்தும் பாருங்கள்!

எங்கே ஆரம்பிப்பது? நைட் வேல் என்றால் முதல் எபிசோடிலிருந்தே கேளுங்கள், பெரும்பாலானவை அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். ஆங்கில உச்சரிப்பு பிடிபடவில்லையா? ஸ்கிரிப்ட் தொகுப்புகள் புத்தகமாகவே வந்திருக்கின்றன. 'லைட்ஸ் அவுட்' வேண்டுமென்றால், 1942-43-ல் ஓப்லர் மறுபடி நடத்திய தொடரின் பதிவுகள் இன்டர்நெட் ஆர்க்கைவில் இலவசம். கரகரவென்றுதான் இருக்கும், அதுவும் ஒரு சுகம். கோழி இதயத்தின் முதல் ஒளிபரப்புப் பதிவு மிஞ்சவில்லை. 1962-ல் 'டிராப் டெட்' என்ற இசைத்தட்டுக்காக ஓப்லர் அதைத் திரும்பச் செய்தார், அதைத் தேடுங்கள். சிரிப்பு குறைவாக, நடுக்கம் அதிகமாக வேண்டும் என்பவர்களுக்கு 200 எபிசோடுகளோடு முடிந்த 'தி மேக்னஸ் ஆர்க்கைவ்ஸ்' இருக்கிறது.

பஸ்ஸில் கேட்க நைட் வேல் ஓகே. கோழி இதயத்தை மட்டும் ராத்திரி லைட்டை அணைத்துவிட்டு, ஹெட்போனில் கேளுங்கள். சாப்பாட்டுக்கு முன்னாடியா, பின்னாடியா என்பது உங்க சாய்ஸ்.