கண்ணாடிக் குழாயில் உறையாத ரத்தம்

இன்னைக்கு ஒரு ரயில்வே தொழிலாளியோட கதை. 1950களில் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் நடந்தது. அவருக்கு அல்சர் ஆபரேஷன் செய்யணும். அதுக்கு முன்னாடி ரத்தம் எடுத்துக் கண்ணாடிக் குழாயில் ஊற்றிப் பார்த்தார்கள். சில நிமிஷத்தில் உறைய வேண்டிய ரத்தம், ரொம்ப நேரம் உறையவே இல்லை!

ஆனா அந்த மனிதருக்கு அதுவரை அளவுக்கு மீறி ரத்தம் போனதே கிடையாது.

ஆஸ்கர் ராட்னாஃப் என்ற டாக்டர் ஆராய்ந்து, அவர் ரத்தத்தில் ஒரு புரதம் இல்லை என்று 1955இல் எழுதினார். இன்றைக்கு அதை 12ஆம் ஃபேக்டர் என்கிறோம். 1964இல் அதே ராட்னாஃபும் டேவியும் ரத்தம் உறைவதை ஒரு நீர்வீழ்ச்சியாக வரைந்தார்கள்: ஒரு புரதம் அடுத்ததைத் தூண்டும், அது அதற்கடுத்ததை. அதில் உச்சியில் நின்றது எது தெரியுமா? இதே 12ஆம் ஃபேக்டர்!

உச்சியிலேயே தண்ணி இல்லாத ஒருத்தருக்கு, காயம் பட்டா ரத்தம் எப்படி நின்னுச்சு?

எனக்கு இதில் பிடிச்ச விஷயம், விடை அந்தக் குழாயிலேயே இருந்தது. 12ஆம் ஃபேக்டரைத் தூண்டுவது கண்ணாடி. நம்ம உடம்புக்குள்ள கண்ணாடி ஏது? அங்கே காயம்பட்ட திசுவில் உள்ள வேறொரு புரதம் வேலையைத் தொடங்கும். வேலை நடக்கும் இடம், பிளேட்லெட். காயத்தில் அவை கூடுவதை இத்தாலியின் பிட்சோசேரோ 1882லேயே எழுதிவிட்டார்.

தூண்டப்பட்ட பிளேட்லெட், தன் சவ்வின் உள்பக்கக் கொழுப்பை வெளிப்பக்கம் திருப்பும். கால்சியம் உதவியோட ஃபேக்டர்கள் அதில் வந்து ஒட்டும். அங்கே 10ஆம் ஃபேக்டரும் 5ஆம் ஃபேக்டரும் ஜோடி சேர்ந்தால், 10 தனியாகச் செய்வதைவிடச் சுமார் 3 லட்சம் மடங்கு வேகத்தில் திராம்பின் உருவாகும். ரத்தத்தை உறைய வைப்பது அதுதான். 2001இல் ஹாஃப்மனும் மன்றோவும் செல்களை நடுவில் வைத்து அந்தப் படத்தையே மாற்றி வரைந்தார்கள்.

அந்தத் தொழிலாளி? 1968இல் இடுப்பெலும்பு முறிந்து படுத்திருந்தபோது, நுரையீரலை ரத்தக்கட்டி அடைத்து இறந்துபோனார். உறையாது என்று குழாய் சொன்ன அதே ரத்தம்.

அதனால, ஆபரேஷனுக்கு முன்னாடி டாக்டர் "பல் பிடுங்கினப்போ ரத்தம் நிக்காம போச்சா?"ன்னு கேட்டா, நல்லா யோசிச்சுப் பதில் சொல்லுங்க. அந்தப் பதில், குழாய்க்குத் தெரியாது.