சாலஞ்சர் ஆழ்கடல் ஆய்வுப் பயணம் (1872–1876)

சாலஞ்சர் ஆய்வுப் பயணம் என்பது, பிரித்தானியக் கடற்படையின் 'சாலஞ்சர்' என்னும் கப்பல் 1872 டிசம்பர் முதல் 1876 மே வரை உலகப் பெருங்கடல்களில் மேற்கொண்ட ஆராய்ச்சிப் பயணமாகும். கடலியல் தனித்துறையாக வளர இதுவே அடிப்படை என்பர். நான் வகுப்பில் இதை ஒரே வரியில் சொல்லிக் கடந்திருக்கிறேன். அந்தக் கப்பலில் கயிறு இழுத்தவர்களைப் பற்றிப் பிற்பாடுதான் படித்தேன்.

ஏறத்தாழ 300 பாகத்துக்குக் கீழே கடலில் உயிரினம் இராது என்று எட்வர்டு ஃபோர்ப்ஸ் என்ற இயற்கையியலாளர் 1840-களில் கருதினார். பாகம் என்பது 6 அடி. நம் மீனவர் ஆழம் சொல்லும் அதே அளவுதான். பின்னர் ஆழத்திலிருந்தும் உயிர்கள் கிடைக்கவே, இக்கருத்து ஆட்டம் கண்டது. எடின்பரோ பேராசிரியர் வைவில் தாம்சனும் லண்டன் ராயல் சொசைட்டியும் முயன்று இப்போர்க்கப்பலைப் பெற்றனர். 17 பீரங்கிகளில் இரண்டை மட்டும் விட்டுவிட்டு, மற்றவை இருந்த இடத்தில் ஆய்வகங்கள் அமைத்தனர். ஏறத்தாழ 240 பேர் புறப்பட்டனர். ஓவியரையும் சேர்த்து அறிவியல் குழுவினர் ஆறு பேர் மட்டுமே.

வேலை எளிதன்று. எடை கட்டிய சணற்கயிற்றை இறக்கி ஆழம் பார்க்க வேண்டும். வெப்பமானியையும் நீர்க்குடுவையையும் இறக்கி ஏற்ற வேண்டும். அதன்பின் இரும்புச் சட்டத்தில் கட்டிய வலைப்பையை அடித்தளத்தில் இழுத்து, சிறு நீராவி இயந்திரத்தால் மேலே கொண்டுவர வேண்டும். ஆழமான இடங்களில் இதற்கே ஒரு பகல் போய்விடும். இவ்வாறு 362 இடங்களில் நின்று ஆய்ந்தனர். முதலில் வலை மேலே வரும்போதெல்லாம் அனைவரும் கூடி நின்று பார்த்தனர். மாதங்கள் செல்லச் செல்ல அந்த ஆர்வம் வடிந்தது. ஆங்கிலத்தில் 'டிரெட்ஜிங்' எனப்படும் இவ்வேலையை மாலுமிகள் 'டிரட்ஜிங்', அதாவது மாட்டு உழைப்பு, என்று கேலி செய்தனர். அதிகாரிகளின் அறையில் வளர்ந்த கிளிகூட, இரண்டாயிரம் பாகமாகியும் அடி தட்டவில்லையே என்று சொல்லக் கற்றுக்கொண்டதாம்.

1873 மார்ச்சில், மேற்கிந்தியத் தீவுகளருகே, கயிற்றின் இழுவிசை தாங்காமல் இரும்புக் கப்பி ஒன்று தெறித்து, வில்லியம் ஸ்டோக்ஸ் என்ற சிறுவன் மீது மோதியது. கப்பலில் வேலைக்கிருந்த அவன் இறந்துபோனான். உடலைக் கடலிலேயே அடக்கம் செய்தனர். ஆழத்தில் நீர் இறுகி, மூழ்கும் பொருள் பாதிவழியில் நின்றுவிடும் என்பது அக்கால மாலுமிகளிடையே பரவலான நம்பிக்கை. நண்பனின் உடல் அடிவரை போய்ச் சேருமா என்ற கேள்வி அவர்களுக்கு வெறும் அறிவியல் கேள்வியாக இருந்திராது.

1875-இல் ஜெர்மானிய விலங்கியலாளர் வில்லமோஸ்-சூம் தோல் தொற்றுநோயால் 28 வயதில் மாண்டார். துறைமுகம்தோறும் சிலர் கப்பலை விட்டு ஓடிப்போயினர். உணவுப்பொருள் பிரிவில் உதவியாளராக இருந்த ஜோசப் மேட்கின் வீட்டுக்கு எழுதிய கடிதங்கள் 1992-இல் நூலாயின. கீழ்த்தளத்து வாழ்க்கையை நாம் அறிய அவையே முதன்மையான சான்று.

1875 மார்ச்சில் மரியானா தீவுகளுக்கு அருகே 4,475 பாகம், அதாவது சுமார் 8,180 மீட்டர் ஆழம் கண்டனர். உருளைக்கிழங்கு போன்ற மாங்கனீசு முண்டுகளும் கடலடியிலிருந்து கிடைத்தன. இத்தகைய முண்டுகளைத்தான் சென்னையிலுள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகம் நடு இந்தியப் பெருங்கடலில் இன்று ஆராய்கிறது.

எனக்கு மிகவும் பிடித்த முடிவு வேறொன்று. ஆழ்கடல் சேற்றில் 'பதிபியஸ்' என்ற ஆதி உயிர்க்கூழ் இருப்பதாக 1868-இல் தாமஸ் ஹக்ஸ்லி அறிவித்திருந்தார். கப்பலில் புதிதாக எடுத்த சேற்றில் அது தென்படவேயில்லை. பாதுகாப்பதற்காகச் சாராயம் ஊற்றிய மாதிரிகளில் மட்டும் தோன்றியது. கடல்நீரிலுள்ள கால்சியம் சல்பேட்டுதான் அப்படிப் படிகிறது என்று வேதியியலாளர் புக்கானன் காட்டினார். ஹக்ஸ்லி 1875-இல் தம் பிழையை வெளிப்படையாக ஒப்புக்கொண்டார்.

கொண்டுவந்த மாதிரிகளை வகைப்படுத்த, பயணத்தைவிடப் பன்மடங்கு காலம் பிடித்தது. ஏறத்தாழ 4,700 உயிரினங்கள் அறிவியலுக்குப் புதியவை. தாம்சன் 1882-இல் காலமானார். உடன் பயணித்த ஜான் மரே பொறுப்பேற்று, 50 தொகுதிகளையும் 1895-இல் வெளியிட்டு முடித்தார்.