மார்பில் குத்திய அட்டையும் கல்பாக்கத்தின் கணக்கும்

தாம்பரத்துக்குத் தெற்கே, செங்கல்பட்டு மாவட்டக் கடற்கரையில் அமைந்த சென்னை அணுமின் நிலையத்தின் முதல் உலை 1984இலும் இரண்டாவது உலை 1986இலும் வணிக உற்பத்தியைத் தொடங்கின. கல்பாக்கத்தின் கதிரியக்கப் பகுதிகளில் வேலை செய்வோர், நிரந்தரப் பணியாளராயினும் ஒப்பந்தக் கூலியாராயினும், மார்பில் டிஎல்டி அட்டை அணிய வேண்டும்.

அட்டைக்குள் டிஸ்புரோசியம் கலந்த கால்சியம் சல்பேட் வட்டுகள் மூன்று இருக்கும். அவை கதிர்வீச்சின் ஆற்றலைத் தேக்கிவைத்து, ஆய்வகத்தில் சூடாக்கப்படும்போது ஒளியாக உமிழும். அவ்வொளியின் அளவிலிருந்து கதிரளவு கணக்கிடப்படுகிறது. ஆகவே அட்டை காப்பதில்லை, எச்சரிப்பதும் இல்லை. நடந்து முடிந்ததையே சொல்கிறது. உடனே அறியப் பேனா வடிவ நேரடி அளவியும், அப்பகுதியிலேயே பொருத்தப்பட்ட கண்காணிப்புக் கருவியும் வேண்டும். கனநீர் உலையில் மூச்சுவழி உட்புகும் டிரிட்டியத்தை அட்டை காணாது. அதற்குச் சிறுநீர்ப் பரிசோதனைதான் வழி.

இயற்கைப் பின்னணிக் கதிர்வீச்சைக் கழிக்க, யாரும் அணியாத ஓர் அட்டை தனியே வைக்கப்படுகிறது. உலகச் சராசரியில் இப்பின்னணி ஆண்டுக்கு 2.4 மில்லிசீவர்ட். இந்த ஒப்பீட்டு அட்டையைக் கதிரியக்கம் மிகுந்த இடத்தில் வைத்துவிட்டால், தொழிலாளி உண்மையில் வாங்கிய அளவும் சேர்ந்தே கழிந்துபோகும். அட்டைத் தாங்கி எங்கே மாட்டப்பட்டிருக்கிறது என்பது அற்பக் கேள்வியன்று.

2003 ஜனவரி 21 அன்று கல்பாக்கம் மறுசுழற்சி ஆலையின் கழிவுத் தொட்டிப் பகுதியில் நடந்தது இதைவிடக் கொடியது. ஒரு வால்வு பழுதானதால் உயர்கதிரியக்கத் திரவம் குறைகதிரியக்கத் தொட்டிக்குள் புகுந்திருந்தது. அதை அறியாமல் மாதிரி எடுக்கச் சென்றவர்கள் உட்பட ஆறு பேர் 280 முதல் 420 மில்லிசீவர்ட் வரை பெற்றனர். அங்கே கண்காணிப்புக் கருவி இல்லை. மாதிரியை ஆய்வு செய்தபோதே விபரீதம் தெரிந்தது. முழுநேரப் பாதுகாப்பு அலுவலர் உள்ளிட்ட பத்துக் கோரிக்கைகளை ஊழியர் சங்கம் எழுப்பியது. பொதுமக்களுக்குச் செய்தி எட்ட மாதங்கள் ஆயின. பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் ஆலைகளை அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் மேற்பார்வையிலிருந்து 2000ஆம் ஆண்டிலேயே அரசு விலக்கியிருந்தது. விசாரித்தவரும் விசாரிக்கப்பட்டவரும் ஒரே வீட்டார்!

வாரியத்தின் வரம்பு ஐந்தாண்டுகளில் 100 மில்லிசீவர்ட். எந்த ஓராண்டிலும் 30ஐத் தாண்டலாகாது. தற்காலிகத் தொழிலாளருக்கு ஆண்டுக்கு 15 என இறுக்கமான எல்லை உண்டு. தாளில் இது சலுகை. ஆனால் எல்லையை நெருங்கியவரை அனுப்பிவிட்டு இன்னொருவரை அழைத்துவர ஒப்பந்ததாரருக்குத் தடையேது? துடைப்பதும் கழுவுவதும் கழிவு சுமப்பதும் நம் சமூகத்தில் யார் தலையில் விழுந்து வந்திருக்கின்றன என்பதை இவ்வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

அணுசக்தி (கதிர்வீச்சுப் பாதுகாப்பு) விதிகள், 2004இன்படி கதிரளவுப் பதிவை ஆண்டுதோறும், தொழிலாளி கேட்கும்போதும், பணி முடியும்போதும் அவரிடம் வழங்குவது வேலையளிப்பவரின் கடமை. மும்பையிலுள்ள தேசியப் பதிவேட்டில் ஒவ்வொருவருக்கும் தனி எண் உண்டு. ஒப்பந்ததாரர் மாறும்போது அவ்வெண்ணையும் பதிவின் நகலையும் எழுத்து மூலம் கேட்டுப் பெற வேண்டும். பின்னாளில் நோய்க்கு இழப்பீடு கோருகையில் அந்த நகல் முக்கியச் சான்றாகும்.