கணக்குப் புத்தகத்தில் வராத வரவு



எசனில் ஒரு தமிழ்ச் சபையின் வரவு செலவை நான் சில வருடங்கள் எழுதினேன். கணக்கு சதத்துக்குச் சதம் சரி. ஆனால் ஆண்டு விழாவில் நன்றி சொன்னபோது என் பெயர் விடுபட்டுப் போனது. இரண்டு கிழமை ஒருவரோடும் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. "அப்ப யாருக்காக ஊழியம் செய்தனீங்கள்?" என்று மனைவி கேட்டார். பதில் வரவில்லை.

அந்தக் கேள்வியோடுதான் சுவார்ட்ஸ் ஐயரின் வரலாற்றை மீண்டும் படித்தேன். 1726இல் அன்றைய பிரஷ்யாவில் பிறந்தவர். ஜேர்மனியின் ஹாலே நகரில் படிக்கும்போதே தமிழ் பழகி, 1750இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார். 1798இல் தஞ்சாவூரில் இறக்கும்வரை தாய்நாடு திரும்பவில்லை. திருமணமும் செய்யவில்லை.

1779இல் சென்னையின் ஆங்கில அரசு அவரைச் சமாதானத் தூதராக மைசூர் ஹைதர் அலியிடம் அனுப்பியது. ஹைதர் வழிச்செலவுக்கு 300 ரூபாய் கொடுத்தார். ஐயர் அதை அரசிடம் ஒப்படைத்தார். நீரே வைத்துக்கொள்ளும் என்றார்கள். அவரோ தஞ்சாவூரில் ஆங்கிலப் பள்ளிக்கூடம் ஒன்றுக்கு அதை முதலாக்கினார். கணக்குப் பார்க்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன், இதில் குறை பிடிக்க இடமில்லை.

பணத்தைவிடக் கடினமான சோதனை அதிகாரம். 1787இல் தஞ்சை மன்னர் துளஜா மரணப் படுக்கையில் கிடந்தார். தத்துப்பிள்ளை சரபோஜி சிறுவன். பிள்ளைக்குக் காவலராக இரும் என்று மன்னர் ஐயரைக் கேட்டார். ஐயர் மறுத்து, மன்னரின் தம்பி அமர்சிங்கிடம் பொறுப்பைக் கொடுக்கச் சொன்னார். பதவி ஆசை இல்லாத மனிதர் என்று நாம் மெச்சலாம். ஆனால் அமர்சிங் தானே அரசரானார். பிள்ளை அடைபட்டு, படிப்புமின்றித் துன்பப்பட்டது.

பிறகு ஐயர் பேசாமல் இருக்கவில்லை. பிள்ளைக்காக அரசிடம் வாதாடினார். 1793இல் சரபோஜி சென்னைக்குப் பாதுகாப்பாகக் கொண்டுவரப்பட்டார். ஐயர் இறந்த 1798ஆம் ஆண்டிலேயே அரியணையும் ஏறினார். கிறிஸ்தவராக மாறாத அந்த மன்னர், ஐயரின் நினைவாகத் தஞ்சைத் தேவாலயத்தில் பளிங்குச் சிற்பம் வைத்தார்.

நேயர்களே, பதவியை விரும்புகிறவர் எல்லாம் சுயநலக்காரர் அல்லர். மறுக்கிறவர் எல்லாம் தூயவரும் அல்லர். தன் பெயர் கெடக்கூடாது என்றும் ஒருவர் மறுக்கலாம். ஐயரின் மனதில் என்ன இருந்ததென்று நமக்குத் தெரியாது. ஆனால் தான் சொன்ன யோசனை ஒரு பிள்ளையை வருத்தியபோது, அவர் தன் நல்ல பெயரைக் காத்துக்கொண்டு ஒதுங்கி நிற்கவில்லை. ஊழியக்காரரை அளக்க எனக்குத் தெரிந்த படி அதுதான்.

என் பெயர் விடுபட்ட அந்தச் சபையில் அடுத்த வருடமும் கணக்கு எழுதினேன். அந்த முறை நன்றி உரைக்கு முன்பே வீட்டுக்கு வந்துவிட்டேன். அது தாழ்மையா, பயமா என்று மனைவி இன்னும் கேட்கவில்லை.