சாலைக்கு முந்திய சந்தை

சென்னையின் கதையை எங்கிருந்து தொடங்கலாம் என்று கேட்டால் பாடப்புத்தகம் புனித ஜார்ஜ் கோட்டையைக் காட்டும். நான் நொச்சிக்குப்பத்து மீன் சந்தையைக் காட்டுவேன். கலங்கரை விளக்கத்திலிருந்து பட்டினப்பாக்கம் போகும் லூப் ரோட்டில் இருக்கிறது அது. ஒரு பக்கம் அலை. மறுபக்கம், நாலு தெரு தள்ளி, சாந்தோம் நெடுஞ்சாலையின் ஹாரன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அங்கே நிற்க இடம் கிடைக்காது. வார நாளில் மதியம் மூன்று மணிக்குப் போக வேண்டும். அப்படி ஒரு செவ்வாய்க்கிழமை போனேன். வஞ்சிரமும் வவ்வாலும் விற்றுத் தீர்ந்திருந்தன. மிச்சம் சங்கராவும் இரண்டு கூறு நெத்திலியும். ஃபைபர் படகின் நிழலில் இரண்டு பேர் வலை பின்னிக்கொண்டிருந்தார்கள். யாருக்கும் அவசரம் இல்லை. சும்மா பார்த்துக்கொண்டு நின்ற என்னிடம் ஒரு அக்கா, "இன்னா தம்பி, மீன் வாங்க வந்தியா, கடலைப் பாக்க வந்தியா?" என்றார். ரெண்டும்தான் என்றேன். நெத்திலியைக் கழுவிக்கொண்டே பேசினார். "கூரை போட்டுக் குடுத்துட்டாங்க, வெயில் இல்ல, நல்லதுதான். ஆனா ரோட்ட புடிச்சிக்கினோம்னு சொன்னாங்க பாரு. ரோடு வர்றதுக்கு முன்னாடியே எங்கம்மா இங்கதான் குந்திகினு வித்துது."

இதைக் குடும்பக் கதை என்று ஒதுக்கிவிட முடியாது. நகரத்தின் கதையே அதில் இருக்கிறது.

1639-இல் ஆங்கிலேயர் இங்கே இடம் வாங்கியபோது இந்தக் கரையில் துறைமுகம் கிடையாது. இருந்தவை மீனவக் குப்பங்கள். கப்பல்கள் தூரத்தில் நங்கூரமிடும். அங்கிருந்து ஆளும் சரக்கும் அலையைத் தாண்டிக் கரை சேர வேண்டும். ஆணி அடித்த மரப்படகு அந்த அலையில் உடைந்துபோகும். கயிற்றால் பலகைகளைத் தைத்த மசூலா படகுதான் தாங்கும். அதை ஓட்டத் தெரிந்தவர்கள் இந்தக் கடற்கரை ஆட்கள்தான். கவர்னரும் சரி, கடைநிலைக் குமாஸ்தாவும் சரி, அவர்கள் தோளையும் துடுப்பையும் நம்பித்தான் மண்ணில் கால் வைத்தார்கள். இருநூறு வருஷத்துக்கும் மேலாக இந்த நகரத்தின் வாசல் அவர்கள் கையில் இருந்தது.

1875-இல் துறைமுகத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். கடலுக்குள் நீண்ட சுவர்கள் எழுந்தன. 1881 புயல் அவற்றை உடைத்தது, மறுபடியும் கட்டினார்கள். இந்தக் கரையில் வருஷத்தின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகரும். சுவர் அதை மறித்தது. தெற்கே மணல் சேர்ந்துகொண்டே போனது. வடக்கே, மணல் வராத ராயபுரம் பக்கத்தைக் கடல் தின்னத் தொடங்கியது. மாநிலக் கல்லூரி 1870-இல் இப்போதைய கட்டடத்துக்கு வந்தபோது அலை இன்றைவிட வெகு அருகில் அடித்தது. நாம் சுண்டல் தின்றுகொண்டே நடக்கிற அகலமான மணலின் பெரும்பகுதி அப்போது இல்லை.

அந்த மணலோரத்தில்தான் கவர்னர் கிராண்ட் டஃப் 1884 வாக்கில் நடைபாதை அமைத்து, சிசிலி நினைவில் 'மெரினா' என்று பெயர் வைத்தார். கடற்கரை பார்க்கிற இடமாக மாறியது அப்போதுதான். பார்க்க வந்தவர்களுக்கு, அங்கே வேலை செய்கிறவர்களின் கட்டுமரமும் வலையும் கருவாட்டு வாசனையும் இடைஞ்சலாகத் தெரிய ஆரம்பித்தன.

1985-இல் அழகுபடுத்தல் என்ற பெயரில் மெரினாவிலிருந்து கட்டுமரங்களையும் வலைகளையும் அகற்ற அரசு முயன்றது. மீனவர்கள் எதிர்த்தார்கள். போலீஸ் சுட்டதில் உயிர்கள் போயின. 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி இந்தக் குப்பங்களுக்குள் புகுந்தது. பிழைத்தவர்கள் திரும்பவும் அதே கரைக்கு வந்து கூடையை இறக்கினார்கள். வேறு எங்கே போவார்கள்?

2023 ஏப்ரலில் லூப் ரோட்டுக் கடைகளால் போக்குவரத்து நெரிசல் என்று உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரித்தது. மாநகராட்சி கடைகளை அகற்றியது. பெண்கள் மீனைச் சாலையில் கொட்டிப் போராடினார்கள். 2024 ஆகஸ்டில் 366 கடைகளோடு இன்றைய சந்தைக் கட்டடம் திறக்கப்பட்டது.

கட்டடம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. குடிநீரும் கூரையும் கழிவுநீர்க் குழாயும் யாரோ போடும் பிச்சை அல்ல, எப்போதோ வந்திருக்க வேண்டியவை. என் சண்டை 'ஆக்கிரமிப்பு' என்ற சொல்லோடு. அந்தச் சொல்லுக்குள் எப்போதும் ஒரு தேதி ஒளிந்திருக்கிறது. சாலை போட்ட நாளிலிருந்து எண்ணினால் மீன் கூடை ஆக்கிரமிப்பு. நடைபாதை போட்ட நாளிலிருந்து எண்ணினால் கட்டுமரம் ஆக்கிரமிப்பு. மசூலா படகிலிருந்து எண்ணிப் பாருங்கள், கணக்கு தலைகீழாகிவிடும். அடுத்த முறை செய்தியில் அந்தச் சொல் வந்தால், எந்த வருஷத்திலிருந்து எண்ணுகிறார்கள் என்று முதலில் கேளுங்கள்.